முன்பக்கத்தில் ஒரு முகம்

ஒளிந்துகொள்வது கீதனுக்குக் கைவந்த கலை. பஸ்ஸில் ஏறினால் கடைசி ஆசனத்தின் மூலைதான். கல்லூரியில் குழுப்படம் எடுத்தால் உயரமான ஆள் ஒருவருக்குப் பின்னால் பாதி நெற்றி மட்டும் தெரியும். தலவிலவில் அன்னம்மாள் கோயில் திருவிழா வந்து ஊர் சனத்தில் திணறும்போது, இவன் பெரியம்மா அக்னஸின் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பாணும் மீன்குழம்பும் தின்றுகொண்டிருப்பான்.

அப்படிப்பட்டவன் தான் வேலை செய்யும் நுரைச்சோலைத் தொழிற்கல்லூரிக்குச் செய்துகொடுத்த இணையத்தளம் எப்படி இருக்கும்? அவனைப் போலவே இருந்தது. படிக்க வர விரும்பும் பிள்ளைகள் விபரம் கேட்பதற்கென்று அதில் ஒரு படிவம் உண்டு. ஆனால் அதைக் கண்டுபிடிக்க ‘எம்மைப் பற்றி’ என்பதைத் தட்டி, அதற்குள் ‘நிர்வாகம்’ என்பதைத் தட்டி, திறப்புவிழாப் படங்களையெல்லாம் தாண்டி அடிக்குப் போக வேண்டும். அங்கே சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி கிடக்கும். அதைத் தட்டினால் படிவம் திறக்கும், தட்டத்தான் ஆள் இல்லை.

அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. யுத்தத்தின் கடைசி வருடத்தில், வன்னியில், பள்ளிக்கூட உடுப்போடு நின்றவனை இயக்கத்தார் பிடித்துப் போய்ச் சண்டையில் விட்டார்கள். எல்லாம் முடிந்த நாளில் சனத்தோடு சனமாக வெளியே வந்தான். அதன்பிறகு இராணுவத்தின் தடுப்பு முகாம். அங்கிருந்து விட்டபோது தாயும் இல்லை, வீடும் இல்லை. யுத்தகாலத்திலேயே புத்தளம் பக்கம் வந்து குடியேறியிருந்த பெரியம்மாதான் அவனைக் கூட்டிவந்து சோறு போட்டார். முதல் வருடங்களில் சிவில் உடுப்போடு புலனாய்வுக்காரர் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வருவார்கள். எங்கே போகிறான், யாரோடு கதைக்கிறான் என்று கேட்பார்கள், போவார்கள். பிறகு வருவது நின்றுவிட்டது, ஆனால் பயம் நிற்கவில்லை. வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் இன்றைக்கும் அவன் பின்கதவுப் பக்கம் போய்விடுவான். முகாமில் இருந்த கதையைக் கல்லூரியில் அவன் யாருக்கும் சொல்லவில்லை. யார் கண்ணிலும் படாமல் இருந்தால் மிச்சக் காலத்தை ஓட்டிவிடலாம், அவ்வளவுதான் அவன் கேட்டது.

றைஸா என்ற பெண் கரைத்தீவிலிருந்து பஸ் மாறி மாறி வந்து சேர்ந்த நாளில்தான் அந்த நிம்மதிக்குக் கேடு வந்தது. தாதியர் உதவியாளர் வகுப்பு எப்போது தொடங்கும் என்ற ஒரே ஒரு கேள்விக்காக உம்மாவையும் கூட்டிக்கொண்டு வெயிலில் வந்திருந்தாள். பணிப்பாளர் மீரா முகைதீன் சேர் திகைத்துப் போனார்.

“ஏன் மகள், இன்டநெட்ல கேட்டிரிக்கலாமே?”

“எங்க கேக்குறது சேர்? தேடித் தேடிப் பாத்தேன், கெடைக்கவே இல்ல.”

சேர் அவளிடம் போனைக் கொடுத்துத் தேடச் சொன்னார். கீதன் பக்கத்தில் நின்று பார்த்தான். அவளுடைய பெருவிரல் மேலும் கீழும் ஓடி, திறப்புவிழாப் படங்களில் முட்டி நின்றது. அதற்கு மேல் அவள் போகவில்லை. யார்தான் போவார்கள்?

“பாத்தீங்களா தம்பி? கடைக்குக் கதவப் பின்பக்கம் வெச்சிட்டு யாவாரம் இல்லன்னு அழுவுறோம்,” என்றார் சேர். “புள்ளைங்க இல்லாட்டி அடுத்த வருசம் இந்த வகுப்பையே மூடணும். முன்னுக்குக் கொண்டாங்க அத.”

வேலை என்று வந்தால் கீதன் கெட்டிக்காரன்தான். படிவத்தை முதற்பக்கத்தின் உச்சிக்குக் கொண்டுவந்தான். போனில் பார்ப்பவர்களின் பெருவிரல் எட்டும் இடத்தில் பச்சை நிறத்தில் ஒரு பொத்தான் வைத்து, அதில் தமிழில் ‘விபரம் கேட்க’ என்று எழுதினான். அடையாள அட்டை இலக்கம், கிராம சேவகர் பிரிவு என்று முன்பு கேட்டதையெல்லாம் வெட்டி எறிந்தான். பெயர், வயது, தொலைபேசி, என்ன வகுப்பு, சொல்ல விரும்புவது என்ன என்பவை மட்டும் மிஞ்சின.

நிறையப் பேர் திறந்து பார்த்தார்கள். ஆனால் பாதிப் பேர் தொலைபேசி இலக்கம் கேட்கும் இடத்தில் மூடிவிட்டுப் போனார்கள். காரணத்தை றைஸாதான் சொன்னாள். அவள் அதற்குள் வகுப்பில் சேர்ந்துவிட்டிருந்தாள்.

“யாருட்ட போகுதுன்னே தெரியாம நம்பர எப்புடி சேர் குடுக்கிற? எங்களுக்குப் பயமா இரிக்காதா?”

சேருக்கு அது சட்டென்று பிடித்துக்கொண்டது. “சரியான கத. பதில் சொல்ற ஆள்ட போட்டோவயும் பேரயும் பக்கத்துலயே போடுவோம். தம்பி, நீங்கதானே எல்லாருக்கும் போன்ல கோல் எடுக்கிறீங்க? ஒங்கட போட்டோவப் போடுங்க.”

கீதன் அவசரமாக வேறு வழி தேடினான். கல்லூரிக் கட்டடத்தின் படத்தைப் போடலாம் என்றான். கட்டடமா கோல் எடுக்கும் என்று சேர் கேட்டார். சேரின் படத்தையே போடலாம் என்றான். இந்த மூஞ்சியைப் பார்த்தால் வருகிற பிள்ளையும் ஓடிவிடும் என்று சிரித்தார். சிரிக்கிற மனிதரிடம் போய் எதைச் சொல்வது? “ஓம் சேர், போடுறன்,” என்றான்.

வீட்டில் அக்னஸ் தலையில் கை வைத்தார்.

“உனக்கென்ன விசரோடா? அவங்கள் இப்பதான் எங்களை மறந்திருக்கிறாங்கள். நீயே போய்ப் படம் காட்டப் போறியோ?”

“வேலையை விடச் சொல்லுறியளோ பெரியம்மா?”

அக்னஸ் எழும்பிப் போனார். அன்னம்மாளின் படத்துக்கு முன்னால் மெழுகுதிரி ஒன்றைக் கொளுத்தினார்.

படத்தைப் போட்டான். கீழே ‘கீதன், உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர்’ என்று எழுதினான். அதன்பிறகு அவன் பட்ட பாட்டைப் பார்த்தால் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும். ஒருநாள் வாசலில் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்று, தலைக்கவசம் போட்ட ஒருவர் “கீதன் என்டவர் யாரு?” என்று கேட்டதும், இவன் பின்பக்கத்தால் பாய்ந்து மின்னிணைப்பு வகுப்பின் சாமான் அறைக்குள் வயர்ச் சுருள்களுக்கு நடுவே குந்திவிட்டான். வந்தவர் கற்பிட்டியில் வெங்காயம் போடுகிற ஒரு தகப்பன், மகனைச் சேர்க்க வந்தவர். “போட்டோல பாத்த புள்ள, நல்ல முகம், அதான் நேரா வந்தேன்,” என்றார். கீதன் உடுப்பில் தூசியோடு வெளியே வந்து அவருக்குத் தேநீர் கொடுத்தான்.

படிவங்கள் வந்து குவிந்தன. சேருக்கு வாயெல்லாம் பல். வந்த படிவத்துக்கு அன்றைக்கே கோல் எடுக்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். எடுக்காதவை திரையில் சிவப்பாக நிற்கும்.

ஒரு நாள் காலையில் வழமைபோலப் படிவங்களை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு வந்தவனின் கை ஒன்றில் நின்றது.

பெயர் என்ற இடத்தில் நிரோஜன் என்று இருந்தது. வயது என்ற இடத்தில் ‘போகேக்க பதினேழு’. வகுப்பு மின்னிணைப்பு. ஏதாவது ஒரு வகுப்பைத் தெரிவு செய்யாமல் படிவம் நகராது, அதனால் முதலில் இருந்ததைத் தட்டியிருக்கிறார்கள். சொல்ல விரும்புவது என்ற கட்டத்தில் இப்படி எழுதியிருந்தது:

‘தம்பி கீதன், நான் நிரோஜன்ர அம்மா. சின்னவள் படிக்க இடம் தேடேக்க உன்ர படத்தைக் கண்டு எனக்குக் காட்டினவள். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில ரெண்டு பேரும் நிண்டு எடுத்த படம் எங்களிட்ட இருக்கு, அதில இருக்கிற பிள்ளை நீதான். நீ உயிரோட இருக்கிறதுக்கு ஆண்டவருக்கு நன்றி. கடைசியா நிரோஜன் உன்னோடதான் வந்தவன் எண்டு சொல்லுகினம். அவனை எங்க கண்டனி? இந்த நம்பர் எப்பவும் என்ர கையில இருக்கும்.’

தேடி வருவார்கள் என்று இத்தனை வருடமாக அவன் பயந்தது வேறு ஆட்களுக்கு. இப்படியும் ஒருத்தி தேடிக்கொண்டிருப்பாள் என்று அவன் ஒருநாளும் நினைக்கவில்லை.

அவன் கண்டது உண்மை. வன்னியிலிருந்து வெளியே வந்த அன்றைக்கு ஆமிக்காரர் ஆட்களைப் பிரித்தார்கள். கீதனை ஒரு வரிசைக்கு அனுப்பினார்கள், நிரோஜனை ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். நிரோஜன் உயிரோடுதான் ஏறினான், ஜன்னலால் கையும் காட்டினான். அந்த பஸ்ஸில் போனவர்கள் பற்றி அதன்பிறகு ஒரு கதையும் இல்லை. அதைக் கண்டேன் என்று சொன்னால் எங்கே கண்டாய், யார் ஏற்றினார்கள் என்று அடுத்தடுத்துக் கேள்வி வரும். பெயர் பதிவார்கள், விலாசம் பதிவார்கள். மறுபடியும் மோட்டார் சைக்கிள் வரும். இந்த வேலையும் போகலாம், பெரியம்மாவின் நிம்மதியும் போகலாம், அதைவிட மோசமாகவும் நடக்கலாம்.

அழித்துவிடலாம். தளம் அவனுடைய கையில், ஒரு தட்டு போதும். படிவம் வந்ததே யாருக்கும் தெரியவராது. விரலை அதன்மேல் கொண்டுபோனான். எடுத்துவிட்டான். மறுபடியும் கொண்டுபோனான்.

மதியச் சாப்பாட்டுக்கு எல்லாரும் எழும்பினார்கள். சேர் போகிற போக்கில் திரையை எட்டிப் பார்த்தார். “ஒன்டு சிவப்பா இரிக்கே தம்பி? பாவம், பாத்துக்கிட்டு இரிப்பாங்க,” என்றுவிட்டுத் தொழுகைக்குப் போனார்.

அறை வெறுமையானது. கீதன் இலக்கத்தை அழுத்தினான். முதல் மணி முடியுமுன் எடுத்துவிட்டார்கள்.

“அம்மா, நான் கீதன் கதைக்கிறன்.”

அவன் சொன்னான். பஸ்ஸைச் சொன்னான், ஜன்னலைச் சொன்னான், காட்டிய கையைச் சொன்னான். அந்த அம்மா அழவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

“ஏறேக்க காலில செருப்பு இருந்ததோ மகன்?”

“ஓம் அம்மா. ஒரு காலில மட்டும் இருந்தது.”

“மற்றது என்னட்ட இருக்கு, சனம் வெளிய வந்த பாதையில கிடந்து எடுத்தனான்,” என்றார் அவர். பிறகு கேட்டார், “நாங்கள் வழக்குப் போட்டிருக்கிறம் ராசா. இதை அங்க வந்து சொல்லுவியோ?”

வரமாட்டேன் என்றால் வெட்கக்கேடு என்று தெரிந்தும் வருகிறேன் என்று கீதனால் சொல்ல முடியவில்லை.

“பயமா இருக்கு அம்மா,” என்றான். முகாமிலிருந்து வந்த நாள் முதல் அந்தச் சொல்லை அவன் ஒருவரிடமும் சொன்னதில்லை.

“எனக்கும் பயம்தான் மகன். ஒவ்வொரு வழக்குத் தவணைக்கும் பயந்து பயந்துதான் போறனான். கோட்டு வாசலில நிண்டு எங்களைப் படம் எடுக்கிறாங்கள். எண்டாலும் போகாட்டி அவனை ஆர் கேக்கிறது?”

கீதன் கதிரையை இழுத்து இருந்தான். பேனையை எடுத்து, “அடுத்த தவணை எப்ப எண்டு சொல்லுங்கோ அம்மா, எழுதுறன்,” என்றான்.