ஸ்டோர் ஜன்னலில் தொங்கிய பட்டியல்

சேலையூரில் செங்கல் சுமந்து நானே வீடு கட்டினேன். எங்கள் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் வரவைத்தேன். எட்டாவதோடு நின்ற நான், குரோம்பேட்டைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில், இரண்டு பட்டதாரிகள் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதிய பிரிவையே நடத்தினேன். இந்த மூன்றாவதைத்தான் யாரும் நம்புவதில்லை.

எழுபதுகளில் எங்களிடம் கம்ப்யூட்டர் கிடையாது. விவரங்களைத் துளைகளாகப் பதித்த அட்டைகளைப் பெட்டியில் அடுக்கி, மின்சார ரயிலில் பட்டணத்துக்குக் கொண்டுபோவோம். அங்கிருந்த கம்ப்யூட்டர் வாரம் ஒரு முறைதான் எங்களுக்குக் கிடைக்கும். ஸ்டோரில் எந்த உதிரிபாகம் எங்கே இருக்கிறது என்று பட்டியல் எடுப்பதுதான் வேலை.

அதிகாரி பட்டியலை நீட்டினால் ஸ்டோர்காரர்கள் பார்க்காமலே "சரி சார்" என்பார்கள். அதே ஸ்டோரில் மூட்டை தூக்கியவன் நான். அந்தச் 'சரி' எனக்குத் தெரியும். வாரம் ஒரு ராக், அதாவது சாமான் வைக்கும் ஓர் அடுக்கு மட்டும் எடுத்து, பட்டியலை ஸ்டோர் ஜன்னலில் தொங்கவிட்டு, சிவப்புப் பென்சிலையும் கட்டிவைத்தேன். அதிகாரி நகர்ந்ததும் ஸ்டோர்காரர்கள் தப்பைக் குறித்துக் குறித்துத் தாள் சிவந்தது. மறுவாரம் திருத்தினோம். இப்படி ஆறு ராக் தேறியது.

பிறகு புது மேனேஜர் வந்தார். "என்ன இது, வாராவாரம் கொசுறு மாதிரி? மொத்தமா முடிச்சிட்டுக் காட்டுங்க" என்றார். ஜன்னல் பட்டியல் நின்றது.

அட்டையில் துளையிடும் அக்கா, "நீங்களாவது சொல்லுங்கண்ணே" என்றார்.

"எந்த இங்கிலீஷ்ல சொல்றது?" என்றேன்.

மழை வந்தது. தண்ணீருக்குப் பயந்து கீழ் ராக் சாமான்களை மாடிக்கு ஏற்றினார்கள். இடம் மாறியதால் பட்டியல் தப்பாகிவிடும் என்று ஓடிப்போய்ச் சொன்னேன். "நீங்க அட்டைப் பெட்டியைப் பாருங்க" என்றார் மேனேஜர். பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேறென்ன செய்ய?

மூன்று மாதம் கழித்து முழுப் பட்டியலும் வந்தது. ஸ்டோர்காரர் ஒருவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணா, இதுல கீறது நம்ம ஸ்டோரே இல்ல. வேற யாரு வூட்டு ஸ்டோரோ" என்றார்.

மேனேஜர் மறுவாரமே வாரம் ஒரு ராக் என்ற பழைய முறைக்குத் திரும்பினார்.

இப்போது தொழிற்சாலை வரலாறு புத்தகமாகிறது. இங்கிலீஷில் அச்சுக்குப் போகும் தாளை ஒருவரைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். வாரம் ஒரு ராக் என்பது அந்த மேனேஜரின் யோசனையாம். தொழிற்சாலைக்கு இரண்டு முறை கடிதம் எழுதினேன், பதில் இல்லை. அதன் வாசலில் காத்திருந்தேன், உள்ளே விடவில்லை. மேனேஜர் பெயரை எடுக்க வேண்டாம். ஜன்னலில் முதல் பட்டியலைத் தொங்கவிட்டவன் நான் என்று ஒரு வரி அதில் வர வேண்டும்.