கேள்வியைப் படிக்கும் நேரம்

வைஜயந்தி ஆகுர்டியில் ஒரு பள்ளியில் இருபத்திரண்டு வருஷமாக ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறாள். வாரா வாரம் டெஸ்ட். ஸ்காலர்ஷிப் பரீட்சைக்கான பயிற்சித் தாள்கள் தனி. அந்த ஜூலையில் கீர்த்தியின் தாளைத் திருத்தும்போது சிவப்புப் பேனா பாதியில் நின்றுவிட்டது. பெட்டியில் நாற்பத்தெட்டு மாம்பழம், ஆறு அழுகிவிட்டன, மீதி எத்தனை? கீர்த்தியின் விடை: இருநூற்று எண்பத்தெட்டு.

"ஏம்மா பெருக்கினே?"

"போன டெஸ்ட்ல எல்லாம் பெருக்கல்தானே வந்துச்சு, டீச்சர்."

கேள்வியைச் சத்தமாகப் படிக்கச் சொன்னாள். கீர்த்தி தடங்கலில்லாமல் படித்தாள். என்ன கேட்டிருக்கிறார்கள் என்றதும் விழித்தாள். வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் என்பது அந்த வாரமே தெரிந்துபோயிற்று. எண்களைப் பொறுக்கத் தெரிந்திருந்தது, வாக்கியம் புரியவில்லை.

அடுத்த வாரம் முதல் கணக்குப் பீரியடில் முதல் பதினைந்து நிமிஷம் வாசிப்பு. பூட்டியே கிடந்த நூலக அலமாரியைத் திறக்க வைத்து, மராத்தி, ஹிந்தி, இங்கிலீஷ் என்று கிடைத்த கதைப் புத்தகத்தையெல்லாம் அள்ளி வந்தாள்.

இரண்டாவது வாரமே கீர்த்தியின் அப்பா பத்மநாபன் கம்பெனிச் சட்டையோடு வந்து நின்றார். கார் பாகங்கள் செய்யும் ஆலையில் மெஷின் ஆபரேட்டர்.

"கணக்கு நேரத்துல கதைப் புக்கு குடுக்குறீங்களாமே டீச்சர்? பரீட்சைல கதையா கேக்கப் போறாங்க?"

"ஆமாங்க. பாதிக் கேள்வி கதைதான். நீங்களே பாருங்க" என்று மாம்பழத் தாளை நீட்டினாள்.

அவர் படித்தார். மகளின் விடையைப் பார்த்தார். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அரையாண்டுத் தேர்வில் அவள் வகுப்பின் சராசரி பக்கத்து வகுப்பைவிட இரண்டு மதிப்பெண் குறைந்தது. தலைமையாசிரியை தேஜஸ்வினி கூப்பிட்டனுப்பினார்.

"வாசிப்பு மொழி ஆசிரியர்கள் வேலை. உங்கள் பீரியடில் இனி பயிற்சித் தாள் மட்டும்தான்" என்றார் மராத்தியில்.

"பீரியடுக்கு வெளியே?"

"பள்ளி ஏழேகாலுக்கு. அதற்கு முன்னால் யார் வருவார்கள்?"

"நான் வருவேன். வகுப்பைத் திறந்து வைத்தால் போதும்."

முதல் நாள் ஆறே முக்காலுக்கு நான்கு குழந்தைகள் வந்தார்கள். முதல் ஷிஃப்டுக்குப் போகிற வழியில் பத்மநாபன் கீர்த்தியை இறக்கிவிட்டார். சிஞ்ச்வடிலிருந்து வைஜயந்தி முதல் லோக்கல் ரயிலில் வந்தாள். குளிரில் சால்வையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். ஒரு நாளும் தவறவில்லை. ஜனவரியில் பத்தொன்பது பேர் ஆனார்கள்.

பிப்ரவரியில் ஒரு பயிற்சித் தாளில், பஸ்ஸில் நாற்பத்திரண்டு பேர், சிலர் இறங்கினார்கள், ஒன்பது பேர் ஏறினார்கள், இப்போது எத்தனை பேர் என்று இருந்தது. இரண்டு வகுப்புகளிலும் ஏறக்குறைய எல்லோரும் ஐம்பத்தொன்று என்று எழுதியிருந்தார்கள். ஏழு பேர் மட்டும் விடை எழுதவில்லை. 'எத்தனை பேர் இறங்கினார்கள் என்று சொல்லவில்லை' என்று அவர்களில் ஒருத்தி, ஸ்நேஹா, ஓரத்தில் எழுதியிருந்தாள். ஏழு பேரும் காலையில் வருகிறவர்கள்.

வைஜயந்தி தாள்களோடு தேஜஸ்வினியின் அறைக்குப் போனாள். அவர் கேள்வியை இரண்டு தடவை படித்தார்.

"இதை நானே கவனிக்கவில்லை" என்றார். பிறகு, "அடுத்த வருஷம் டைம்டேபிளில் வாரம் இரண்டு நாள் தருகிறேன்."

"ஐந்து நாள் வேண்டும், மேடம்."

"இப்போதைக்கு இரண்டு."

சரி என்றாள். ஜூனில் புது வகுப்பு வந்தபோது, மற்ற மூன்று நாளும் ஆறே முக்காலுக்கு வரச் சொல்லிப் பெற்றோருக்குச் சீட்டு எழுதி அனுப்பினாள்.