சலோமி எழுதிவைத்த மகள்

காரைக்கால் கோவில்பத்தில் சலோமியின் வீடு எது என்று கேட்டால் யாரும் கைகாட்டிவிடுவார்கள். சலோமி வீட்டில் இருப்பாளா என்று கேட்டால்தான் சிரிப்பார்கள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்பார்களே, அது அவளைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். சோற்றைக்கூட அடுக்களை வாசலில் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றபடியேதான் தின்று முடிப்பாள். "தபால்காரராவது வந்தா ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போறாரு. எம் பொண்டாட்டிகிட்ட அதுவும் இல்ல" என்று அவள் புருஷன் மரியசெல்வம் ஊரெல்லாம் சொல்லித் திரிவார். மில் வேலைக்காரர். நல்ல மனிதர். முக்கால்வாசி நாள் உலை வைப்பதும் அவர்தான்.

அவளுடைய அண்ணன் பிலோமின்ராஜ் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா என்கிற சிப்பாயாக இருந்து, பென்ஷனோடு அந்த நாட்டிலேயே தங்கிவிட்டவர். இங்கே வந்துவிடு, பிள்ளைகள் நன்றாகப் படிக்கும் என்று அவர் எழுதாத வருஷம் இல்லை. சலோமியிடமிருந்து ஒரே பதில்தான் போகும்: அங்கே குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டுமாமே, அது என்னால் ஆகாது அண்ணே.

எழுபத்தைந்தில் அவள் கிராம சேவிகாவாக வேலைக்குச் சேர்ந்தாள். எழுபத்தேழு புயலில், ஜீப் போக வழியில்லாத குப்பங்களுக்கெல்லாம் தண்ணீரில் நடந்தே போய், யார் யாருக்கு வீடு போயிற்று என்று எழுதிக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து காரைக்கால் பக்கம் நாலு பேர் நிர்க்கதியாக நின்றால், "கூப்பிடு சலோமிய" என்பதே அலுவலகத்து வழக்கமாகிப்போனது.

எண்பத்தைந்தில் இலங்கையிலிருந்து படகுகள் வந்தபோதும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். பெரும்பாலான படகுகள் தெற்கே போய்விடும். காற்று தள்ளியதும் இன்ஜின் கோளாறானதுமாக ஒன்றிரண்டு இங்கே கரை ஒதுங்கும். வந்தவர்களைத் துறைமுகத்துப் பழைய கிட்டங்கியில், ஒரு காலத்தில் நெல் மூட்டை அடுக்கிய இடத்தில், தங்கவைத்துப் பெயர் எழுத வேண்டும். அப்புறம் பஸ் வரும்போது தமிழ்நாட்டு முகாம்களுக்கு ஏற்றிவிட வேண்டும். இதற்கெல்லாம் பொறுப்பு மைக்கேல்ராஜ் என்கிற அதிகாரி. நிதானமானவர், சட்டத்துக்கு ஒரு மயிரிழை அந்தப்பக்கம் இந்தப்பக்கம் போகாதவர். பெண்களையும் பிள்ளைகளையும் பதிவது சலோமி வேலை. குடும்பத்துக்கு ஒரு தாள். தாளில் பெயர் இருந்தால் அரிசி உண்டு, பாய் உண்டு, முகாமில் தலைசாய்க்க ஓர் அறை உண்டு.

ஆவணி மாதம் ஒரு படகு வந்தது. அதில் வந்த ஒருத்தி, பெயர் ஞானசௌந்தரி, முப்பது வயதிருக்கும். இடுப்பில் நாலு வயதுப் பெண் குழந்தை. குழந்தைக்கு ஒற்றைக் காதில் மட்டும் சின்னத் தோடு. சலோமி குழந்தையின் பெயர் கேட்டாள்.

"அல்லி. என்ட மகள்."

அந்த நேரம் பார்த்துக் குழந்தை அவள் முகத்தைத் திருப்பி, "அன்ரி, தண்ணி" என்றது.

சலோமி பேனாவை மூடினாள். பெற்றவளை எந்தப் பிள்ளை ஆன்ட்டி என்று கூப்பிடும்? ஞானசௌந்தரி குரலைத் தாழ்த்திக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அங்கே கரையில் படகு புறப்படும்போது குழந்தையின் தாய் பிள்ளையை முதலில் தூக்கிக் கொடுத்திருக்கிறாள். தண்ணீருக்குள் நின்ற புருஷனைக் கைகொடுத்து இழுக்கத் திரும்பியிருக்கிறாள். வெடிச்சத்தம் கேட்டது, படகுக்காரன் நிற்கவில்லை. குழந்தை அந்நியப் பெண் ஒருத்தியின் மடியில் இந்தியாவுக்கு வந்துவிட்டது.

"தனிச்ச பிள்ளையெண்டு எழுதினா எங்கயோ விடுதிக்கு அனுப்பிப்போடுவாங்களாம், மெய்யோ மிஸ்? தாய் வந்து எங்கயெண்டு தேடுறது? நான் வச்சிருக்கிறன். அவ வந்த உடன குடுத்திடுவன். சத்தியமா."

மெய்தான். தனியாக வந்த பிள்ளைகளை எங்கோ மதராஸ் பக்கத்து இல்லத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது உத்தரவு. உண்மையை எழுதினால் இந்தப் பொடிசு இன்று இரவே இன்னொரு முறை அநாதை. பொய்யை எழுதினால், நாளைக்குத் தாய் வந்து கேட்கும்போது எந்தத் தாளிலும் அவள் பிள்ளை இருக்காது. சலோமிக்கு நின்று யோசிக்கிற வழக்கம் ஏது? பேனாவைத் திறந்து, "மகள்" என்று எழுதிவிட்டாள்.

எழுதியாயிற்று. அப்புறம்தான் தூக்கம் போயிற்று. அந்தப் பிள்ளை யாருடையது என்பது, படகில் வந்தவர்களை விட்டால், இந்தக் கரையில் அவள் ஒருத்தி மனதில்தான் இருக்கிறது. யாரிடமாவது சொல்லித் தேடலாமென்றால் பொய் வெளியே வந்துவிடும், பிள்ளை இல்லத்துக்குப் போய்விடும். அதனால் தானே தேடினாள். எங்கே படகு வந்ததாகக் காதில் விழுந்தாலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினாள். நாகூர் பக்கம், வேளாங்கண்ணி பக்கம் என்று விடுமுறை நாளெல்லாம் பஸ்ஸில் அலைந்தாள். வந்திறங்கிய பெண்களிடம், "பிள்ளைய விட்டுட்டு வந்தவங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்பாள். ஐயோ, அந்தக் கேள்விக்கு எத்தனை பேர் கைதூக்கினார்கள்! ஒவ்வொருத்தியும் ஒரு பெயர் சொல்லி அழுதாள். அல்லி என்று மட்டும் ஒருத்தியும் சொல்லவில்லை. மரியசெல்வம், "என்னாடி தேடுற, சொல்லித் தொலையேன்" என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார்.

கிட்டங்கியிலோ வேறு ஒன்று நடந்துகொண்டிருந்தது. முதல் வாரம் அல்லி அழுதது. அடுத்தடுத்த வாரங்களில் ஞானசௌந்தரி முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரிந்தது. ஐப்பசி மழை பிடிப்பதற்குள் அன்ரி போய், அம்மா வந்துவிட்டது. ஞானசௌந்தரிக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம், வயிறு திறக்கவில்லை, புருஷனும் கலவரத்தில் போய்விட்டான். அவள் பிள்ளைக்குத் தலைவாரிவிடுகிற அழகைப் பார்த்தால் சலோமி ஏதாவது வேலையைச் சாக்கிட்டு வெளியே போய்விடுவாள். சந்தோஷமா பயமா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

கார்த்திகையில் பஸ் வந்தது. சலோமி எல்லோரையும் ஏற்றினாள். மைக்கேல்ராஜ் துணைக்கு ஏறிக்கொண்டார். வடக்கே ஓர் ஊரில் இறக்கி, அங்கிருந்து ஆளுக்கொரு முகாமாகப் பிரித்துவிடுவார்களாம். எந்த முகாம் என்று இங்கே யாருக்கும் தெரியாது. பஸ் போனதும், சமையலுக்கு இரவல் வாங்கியிருந்த ஜமாஅத்து தேக்சாக்களைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு சேக் அலாவுதீன் பாயின் மளிகைக் கடைக்குப் போனாள். இவ்வளவு நாளும் கிட்டங்கிக்கு அரிசி போட்டவர் அவர்.

தேக்சாக்களை எண்ணி இறக்கும்போதே கிட்டங்கிக் காவல்காரர் கருப்பையன் அங்கே வந்து நின்றார். பின்னால் ஒரு பெண். கால் இரண்டும் சேறு, கண் இரண்டும் வீங்கியிருந்தது.

"இந்தம்மா கோடியக்கரைப் பக்கம் எறங்குனவங்களாம், சேவிகாம்மா. ஊர் ஊரா விசாரிச்சுக்கிட்டு வர்றாங்க. தனியா வந்த புள்ளைங்க தாளப் பாத்துட்டேன், இவங்க சொல்ற பேரு இல்ல. இல்லேன்னு சொன்னா நம்ப மாட்டேங்குறாங்க."

"அல்லி" என்றாள் அந்தப் பெண். "நாலு வயசு. ஒரு காதுதான் குத்தினது. மற்றக் காதுக்குக் கத்தி அழுதிட்டாள், விட்டிட்டம்."

தேக்சா மூடி சலோமி கையிலிருந்து விழுந்து கடை முழுக்கச் சுற்றி ஓடியது.

"பஸ்ஸு எங்க இருக்கும் பாய்? இந்நேரம் எங்க இருக்கும்?"

"கோட்டுச்சேரி தாண்டியிருக்குமே தங்கச்சி. என்னா ஆச்சு?"

பூவம் தாண்டினால் தமிழ்நாடு. அங்கே ஒரு சோதனைச் சாவடி இருந்தது. காரைக்காலில் சரக்கு மலிவு என்பதால் போகிற வருகிற பஸ்ஸையெல்லாம் நிறுத்தி பாட்டில் தேடுவார்கள். அவர்களோடு சலோமி போடாத சண்டை இல்லை. ஆனால் அகதிகள் பஸ் என்றால் கையசைத்து விட்டுவிடுவார்கள், மைக்கேல்ராஜ் முன்கூட்டியே கடிதம் கொடுத்திருந்தார்.

"பாய், பூவத்துல மதார் சாகிப் மரவாடியில போன் இருக்குல்ல? போடுங்க. சாவடியில போய் சொல்லச் சொல்லுங்க. அந்த பஸ்ஸுல பிராந்தி பாட்டில் போவுது, மூட்டைக்குள்ள மறைச்சிருக்காங்க, விடாதீங்கன்னு."

அலாவுதீன் பாய் வாயைப் பிளந்தார். "யா அல்லாஹ்! அகதி ஜனங்க மேல பழி போடச் சொல்றியா தங்கச்சி?"

"ஆமா, போடுங்க. பாவம் எனக்கு. நான் வாங்கிக்கிறேன். போடுங்க பாய்!"

அவர் டயலைச் சுற்றினார். சலோமி அந்தப் பெண்ணை ஆட்டோவில் தள்ளி ஏற்றினாள். வழியெல்லாம் டிரைவரைப் பிடுங்கி எடுத்தாள். வரிச்சிக்குடியில் மாட்டுவண்டி ஒன்று குறுக்கே நிற்க, இறங்கிப்போய் மாட்டையே தள்ளினாள். திரும்பி ஏறியதும் அந்தப் பெண் சலோமியின் மணிக்கட்டைப் பிடித்தவள், பூவம் வரை விடவில்லை.

பஸ் நின்றிருந்தது.

மூட்டைகளெல்லாம் ரோட்டில் பிரிந்து கிடந்தன. பாவாடை, போர்வை, சாமி படம், யாரோ ஒருவரின் ஒற்றைச் செருப்பு, எல்லாம் ஈரத் தாரில் பரப்பிக் கிடக்க, காவலர்கள் குனிந்து கிளறிக்கொண்டிருந்தார்கள். மைக்கேல்ராஜ் கோபத்தில் முகம் சிவந்து கத்திக்கொண்டிருந்தார். பெரியவர் ஒருவர், "இங்கயும் கொட்டித்தான் பாக்கினமோ?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகக் கேட்டார். சலோமிக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது.

"அல்லி!"

தாய் ஓடினாள். துணிமணிகளை மிதித்துக்கொண்டு ஓடினாள். குழந்தை அவளைப் பார்த்தது. நன்றாக அடையாளம் தெரிந்துதான் பார்த்தது. பிறகு உதடு பிதுங்கி, ஞானசௌந்தரியின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. விட்டுவிட்டுப் போனவளோடு அதற்குக் கோபம்.

ஞானசௌந்தரி பிள்ளையைத் தூக்கி மார்போடு அணைத்தாள். "இது என்ட மகள்" என்றாள். முகம் வெளுத்திருந்தது. "தாளில இருக்கு, பாருங்கோ."

காவலர் தாளை வாங்கிப் படித்தார். "ஞானசௌந்தரி, மகள் அல்லி. சரியாத்தானே இருக்கு? நீ யாரும்மா? உங்கிட்ட என்ன தாள் இருக்கு?"

தாயிடம் எதுவும் இல்லை. அவள் சலோமியைத் திரும்பிப் பார்த்தாள். ஞானசௌந்தரியும் பார்த்தாள். சொல்லாதே என்று அவள் கண் கெஞ்சியது.

"அது பொய் சார்" என்றாள் சலோமி. "நாந்தான் எழுதுனேன், தெரிஞ்சேதான் எழுதுனேன். புள்ள இந்தம்மாவோடது. பாட்டில் கதையும் பொய். அதுவும் நாந்தான்."

காவலர்கள் கிளறுவதை நிறுத்தினார்கள். மைக்கேல்ராஜ் கண்ணாடியைக் கழற்றினார். "வேலை போயிடும் சலோமி."

"போவட்டும் சார். புள்ள போயிடக் கூடாது."

வேலை போகவில்லை. விசாரணை வந்தது, சம்பள உயர்வு நின்றது, வெகுநாள் அலுவலகத்தில் அவளோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதெல்லாம் பிறகு. அன்றைக்கு மைக்கேல்ராஜ் தாளை பஸ்ஸின் பானெட்டில் விரித்து, அல்லியின் பெயரை அடித்துத் திருத்தினார். தாயும் பிள்ளையும் பதிவுக்குக் காரைக்காலுக்குத் திரும்ப வேண்டும், ஞானசௌந்தரி பஸ்ஸில் போக வேண்டும் என்றார்.

ஞானசௌந்தரி கத்துவாள், மண்ணில் புரளுவாள் என்று சலோமி எதிர்பார்த்தாள். அவள் ரோட்டில் உட்கார்ந்து, கலைந்து கிடந்த துணிகளிலிருந்து பிள்ளையின் சட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடித்தாள். தாயிடம் கொடுக்கும்போது, "ராவில காதை மூடிப் படுத்தாத்தான் நித்திரை கொள்ளுவாள். இடிச் சத்தத்துக்குப் பயம்" என்றாள். பிறகு கழுத்தைக் கட்டியிருந்த சின்னக் கைகளைப் பிரித்தாள். அது ஒரே தடவையில் முடிகிற காரியமாக இல்லை. அல்லி வீறிட்டு அழுதது. தாயும் அழுதாள். வாங்கிய பிள்ளையை இறுக்கிக்கொண்டே, "அக்கா, நீங்க இல்லாட்டி..." என்று தொடங்கி, முடிக்க முடியாமல் காலைத் தொடக் குனிந்தாள். ஞானசௌந்தரி விலகிக்கொண்டாள்.

அகதிகள் மூட்டைகளைக் கட்டி ஏற்றினார்கள். சலோமி ஓடி ஓடி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். யாரும் அவளைத் திட்டவில்லை, அதுவே பெரிய தண்டனையாக இருந்தது. கடைசியாக ஞானசௌந்தரி படியில் கால் வைத்தாள்.

"என்னை மன்னிச்சிடும்மா" என்றாள் சலோமி. "வேற வழி தெரியல."

ஞானசௌந்தரி திரும்பினாள். "இனியும் படகு வரும் மிஸ். தனிச்ச பிள்ளையள் வருங்கள். நீங்கள் எழுதத்தான் செய்வியள், எனக்குத் தெரியும்."

சலோமி அவளுடைய மூட்டையைப் படியில் ஏற்றி வைத்தாள்.

"எழுதுங்கோ. ஆனா சொந்தமாப் பிள்ளை பெத்த ஒருத்தியாப் பாத்துக் குடுங்கோ" என்றாள் அவள். "அவளால திருப்பிக் குடுக்க ஏலும்."