காளியண்ணனின் இரத்தத்தில் இருந்தது

காளியண்ணன் மலேசியாவில் ஈஜோக் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், எண்ணெய்க்கான செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். தோட்டத் தொழிலாளர் லயத்திலேயே பிறந்து, பதினாறு வயதில் குலை வெட்டப் போய், இருபத்து மூன்றில் லைசென்ஸ் எடுத்தவர். காலையில் சவரம் செய்தால் மாலைக்குள் மறுபடி முகம் கறுத்துவிடும். அவருக்கு முப்பத்தெட்டு வயதான 1984இல்தான் ஆட்கள் திடீர் திடீரென்று தோன்ற ஆரம்பித்தார்கள்.

அவர்கள் நடந்து வருவதில்லை. யாருமே இல்லாத இடத்தில் முதலில் ஒரு தோள் தெரியும். பிறகு முழு ஆளும் நிற்பான். மனைவி அம்சவள்ளியும் அப்படித்தான் வந்தாள். பட்டப்பகலில், அடுப்படியில் தனியாக இருப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருக்கும்போது, ஒரு கை மட்டும் தட்டை நீட்டும்.

"என்னங்க, பேயப் பாத்த மாதிரி பாக்குறீங்க?"

அவர் தட்டை வாங்கிக்கொண்டார். அவர் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது ஆட்கள் தோன்றுவதை மட்டுமல்ல. ஒரு வருடமாக அவரால் மனைவியோடு சேர முடியவில்லை. முதலில் களைப்பு என்றார். பிறகு தலைவலி என்றார். தலைவலி உண்மைதான், புருவங்களுக்குப் பின்னால் எந்நேரமும் கனத்தது. ஆனால் ஆசையே உடம்பை விட்டு எழுந்து போய்விட்டிருந்தது. வாரம் ஒருமுறை சவரம் செய்தாலே போதும் என்றானது.

"சபாக் டவுனுல யாரையாச்சும் வச்சிருக்கீங்களா?" என்று அம்சவள்ளி நேராகவே கேட்டாள்.

ஒரு மதியம் அவர் சட்டையைக் கழற்றியபோது மார்பில் இரண்டு ஈர வட்டங்கள். வியர்வை என்று துடைத்தார். துடைத்த இடத்தில் வெள்ளையாக ஒரு துளி வந்து நின்றது. அம்சவள்ளி துணியை முகர்ந்தாள். இரண்டு பிள்ளை பெற்றவள். பின்வாங்கிச் சுவரில் முதுகு முட்ட நின்றாள்.

"இது பாலுங்க."

அதற்குப் பிறகு வேறு பெண் என்ற பேச்சே இல்லை. பிள்ளை பெற்றுச் செத்த எவளோ ஒருத்தி அவருக்குள் குடியேறிவிட்டாள் என்று இருவருமே நம்பினார்கள். பூசாரி கயிறு மந்திரித்துக் கட்டினார். பால் நிற்கவில்லை.

மறுவாரம் குலைகளைக் குவிக்கும் மேட்டருகே லோரியைத் திருப்பியபோது இடப்பக்கம் ஏதோ நொறுங்கியது. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஐயாவுவின் சைக்கிள். ஐயாவு குதித்துத் தப்பியிருந்தார்.

"கண்ணு தெரியலயா ஒனக்கு? கையக் காட்டுறேன்ல!"

"நீ அங்க இல்லையே!" என்றார் காளியண்ணன். அவரைப் பொறுத்தவரை அது பொய்யில்லை.

ஐயாவு அவரைக் கையோடு தோட்டத்து மருந்தகத்துக்கு அழைத்துப் போய் விட்டுவிட்டுத் திரும்பினார். அங்கே வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர் பெர்னாட், காளியண்ணனைத் தன் மூக்கையே பார்க்கச் சொன்னார். இரண்டு கைகளையும் அகல விரித்து, விரல்களை ஆட்டியபடி மெல்ல உள்ளே கொண்டுவந்தார். கைகள் ஏறக்குறைய முகத்துக்கு நேரே வந்த பிறகுதான் காளியண்ணன் "இப்ப தெரியுதுங்கய்யா" என்றார்.

பெர்னாட் கதவைச் சாத்தினார். "சம்சாரத்தோட எப்படி இருக்க, காளி?"

யாருக்கும் சொல்லாததையெல்லாம் காளியண்ணன் சொன்னார், பால் உட்பட. "பைத்தியம்னு எழுதிறாதீங்கய்யா."

"பைத்தியம் இல்ல. கோலாலம்பூருக்குப் போய் ரத்தம் குடு."

பெரிய ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள்; தலையையும் படம் பிடித்தார்கள். மூன்று வாரம் கழித்து வந்த கடிதத்தைக் கணவன் மனைவி இருவரையும் உட்காரவைத்து பெர்னாட் விளக்கினார்.

"தாய்க்குப் பால் சொரக்க வைக்கிற ஹார்மோன், பேரு புரோலெக்டின். ஆம்பளைக்கும் துளி இருக்கும். ஒனக்கு நூறு மடங்குக்கு மேல இருக்கு. அது ஏறுனதால ஆம்பளை ஹார்மோன் அடியோட எறங்கிருச்சு. மூளைக்குக் கீழ சின்னதா ஒரு கட்டி. அதுதான் இத சொரக்குது. கண்ணு நரம்ப அழுத்துறதால ரெண்டு ஓரத்துலயும் பார்வை இல்ல. புத்துநோய் இல்ல. மாத்திரையில சுருங்கும்."

"அப்ப அவ?" என்றாள் அம்சவள்ளி.

"எவ?"

அவள் கணவர் கையில் கட்டியிருந்த மந்திரித்த கயிற்றைப் பார்த்தாள்.

மாத்திரை குமட்டியது, எழுந்தால் தலை சுற்றியது. ஆனால் ஒரு மாதத்தில் சாலையின் இரு ஓரக் கால்வாய்களும் ஒருசேரத் தெரிந்தன. மார்பு காய்ந்தது. இரத்தப் பரிசோதனையில் அந்த ஹார்மோனின் அளவு ஒவ்வொரு முறையும் இறங்கியது. மாத்திரை தொடங்கிய ஏழாம் மாதம், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்த ஒரு மழை நாளில், அம்சவள்ளி கதவைத் தாழிட்டாள்.

பிறகு அவள் பக்கத்தில் கிடந்தபடி அவர் கூரையைப் பார்த்தார்.

"பாலு நின்ன அன்னிக்கு, யாரோ எறங்கிப் போன மாதிரி இருந்துச்சு வள்ளி. பாவமா இருந்துச்சு."

அம்சவள்ளி அவர் வாயைப் பொத்தினாள். "பேரு வச்சுக் கூப்புட்டுறாதீங்க, திரும்பி வந்துருவா," என்றாள்.