ஃபார்மட் போட்டதும் காணாமல் போன தமிழ்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கம்பத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சேர்ந்து, கேபினட் துடைப்பதில் ஆரம்பித்து, கம்ப்யூட்டரை இயக்கும் ஓஎஸ் போடுவது வரை பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டேன். படிக்காதவன் என்பதால் எனக்குப் பயம் அதிகம். வீடுகளுக்குப் போகும்போது ஒவ்வொரு வேலையையும் நோட்டில் வரிசையாக எழுதி வைத்து, முடிக்க முடிக்க டிக் அடிப்பேன். ஓஎஸ் ஏற்றிய பென்டிரைவ் இரண்டு கொண்டு போவேன். ஒன்று கெட்டுப்போனால்?

முதலாளி என்னை முதன்முதலில் தனியாக அனுப்பியது பண்ணைப்புரம் ஜெயக்கொடி அக்கா வீட்டுக்கு. கல்யாணப் பத்திரிகைகளை வீட்டிலேயே டைப் செய்து, உத்தமபாளையத்தில் ஒரு பாய் நடத்தும் பிரஸ்ஸுக்குக் கொடுப்பவர். அவருடைய கம்ப்யூட்டர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தது.

“தம்பி, நாலு மணிக்கு மாப்பிள்ள வீட்டாளுக புரூஃப் பாக்க வாராக. தாய்மாமன் பேரு வரிசைய மட்டும் பதினோரு தடவ மாத்திருக்காக. நேத்து மாத்துனது இதுக்குள்ள மட்டுந்தான் இருக்கு. ஒரு பேரு விட்டுப்போனாலும் கல்யாணத்துல சண்டைதான்.”

பழையதை அழித்துவிட்டுப் புது ஓஎஸ் போடுவதைத் தவிர வழியில்லை. டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாவற்றையும் டி டிரைவில் ஒரு காப்பி, பென்டிரைவில் ஒரு காப்பி எடுத்தேன். ஒவ்வொன்றாகத் திறந்து சரிபார்த்தேன். மறுபடியும் பார்த்தேன்.

“எத்தன தடவ பாப்ப தம்பி? என்னையப் பொண்ணு பாக்க வந்தவுக கூட இம்புட்டு பாக்கல.”

சி டிரைவை ஃபார்மட் செய்து, ஓஎஸ்ஸும் டைப் செய்யும் சாஃப்ட்வேரும் ஏற்றி முடிக்க மணி ஒன்று. பத்திரிகை ஃபைலைத் திறந்தேன். தமிழைக் காணோம். பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்.

“ஏலே, என்னடா இது? மாப்பிள்ள பேரு இருந்த எடத்துல புள்ளியும் கோடுமா நிக்கிது!”

அக்கா டைப் செய்தது பழைய தமிழ் ஃபாண்ட் ஒன்றில், அதாவது தனியாக ஏற்றும் எழுத்துருவில். அந்த ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் அதே ஃபைல் இப்படித்தான் தெரியும். ஃபாண்ட் இருந்தது சி டிரைவில், விண்டோஸ் ஃபோல்டருக்குள். என் நோட்டில் அந்த வரியே இல்லை. என் கையாலேயே அழித்திருந்தேன்.

வாசலுக்கு வந்து முதலாளிக்கு போன் போட்டேன்.

“ஃபாண்ட்ட எடுத்தியாடா?”

“இல்லண்ணே.”

“சரி, வைரஸ் தின்னுருச்சுன்னு சொல்லிட்டு பஸ் ஏறு. பொறகு பாத்துக்கலாம்.”

வைரஸ் என்ற வார்த்தையை வாயில் வைத்துக்கொண்டே உள்ளே போனேன். அக்கா என் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். “எல்லாத்துக்கும் டிக் அடிச்சிருக்கியே தம்பி, அப்புறம் எப்புடி?”

அதற்கு மேல் பொய் வரவில்லை. “அக்கா, நாந்தான் ஃபாண்ட்ட எடுக்காம அழிச்சுட்டேன். ஃபைல் பத்திரமா இருக்கு. அதைக் காட்டுற எழுத்துதான் இல்ல.”

அக்கா நோட்டை மூடி வைத்தார். பிறகு, “அந்த எழுத்து பிரஸ் பாய்ட்ட இருக்கணுமே? இல்லேன்னா நான் குடுக்குறத அவுக எப்புடி அச்சடிக்கிறாக?” என்றார்.

இது எனக்கும் தோன்றவில்லை, முதலாளிக்கும் தோன்றவில்லை. அக்கா உடனே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

“ஏம்மா ஜெயக்கொடி, ஒனக்கு அத ஏத்திக் குடுத்ததே நாந்தான? யாரும்மா அது, எழுத்தத் தொலைச்ச பய?”

“இங்கனதான் பாய், வேர்த்து விறுவிறுத்து நிக்கிறான்.”

பாய் சிரித்துக்கொண்டே ஃபாண்டை போனுக்கு அனுப்பிவிட்டார். கேபிள் மாட்டி, ஏற்றி, ஃபைலை மறுபடி திறந்தேன். ‘திருமண அழைப்பிதழ்’ என்று முதல் வரி நின்றது. அக்கா திரையில் விரலை வைத்து, பெயர் பெயராகக் கடைசி வரை வாசித்தார்.

“எல்லா மாமனும் வந்துட்டாக தம்பி. கைய கழுவு, சாப்புடலாம்.”

நாலு மணிக்கு வந்தவர்கள் வரிசையைப் பன்னிரண்டாவது தடவையாக மாற்றினார்கள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ஃபார்மட் போடும் முன் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரை எடுத்து வையுங்கள். தப்பு நடந்துவிட்டால், எது போனது என்று வீட்டுக்காரரிடம் உள்ளபடி சொல்லுங்கள். வைரஸ் என்று நான் சொல்லியிருந்தால் அக்காவுக்குப் பாயின் ஞாபகமே வந்திருக்காது.

அந்த ஃபாண்ட் இன்றைக்கும் என் பையில் இருக்கிறது. இரண்டு பென்டிரைவில்.