முதலில் அனுப்பியவருக்கே மகள்

என் தம்பி டெல்பர்ட் கெட்டவன் இல்லை. முப்பது வருடமாக மரியெட்டா ஊரில் பள்ளிப் பேருந்துகளின் அடியில் படுத்துக் கிடந்து ரிப்பேர் பார்க்கிறவன். பனி கொட்டுகிற காலையில் நாலரைக்கே போய் எல்லா வண்டியையும் சூடேற்றி வைப்பான். குடி கிடையாது, வாய்ச்சண்டை கிடையாது. அவனிடம் உள்ள ஒரே கோளாறு, தோற்கத் தெரியாது. சின்ன வயதில் சீட்டாட்டத்தில் என்னிடம் தோற்றுவிட்டு முழுச் சீட்டுக்கட்டையும் அடுப்பில் போட்டவன். அந்தக் குணத்தால்தான் இன்று அவனும் தலைகுனிந்து நிற்கிறான், கூட நின்ற பாவத்துக்கு நானும் நிற்கிறேன்.

மகள் ஷெல்பிக்கு ஆறு வயதாக இருந்தபோது அவனுக்கும் ரோண்டாவுக்கும் விவாகரத்து ஆனது. பிள்ளை யார் வீட்டில் எந்தக் கிழமை என்று நீதிபதி எழுதிக் கொடுத்தார். வரிக் கணக்கில் பிள்ளையைத் தன் பொறுப்பில் காட்டிப் பணம் திரும்பப் பெறுவது யார் என்று எழுத மறந்துவிட்டார். எங்கள் பக்கம் அப்படி விட்டால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். ஜனவரி கடைசியில் கணக்கு வாங்கத் தொடங்குகிற அன்று யார் முதலில் அனுப்புகிறாரோ, பிள்ளை அவருக்கு. பின்னால் வருகிறவரின் கணக்கைக் கம்ப்யூட்டரே திருப்பி அனுப்பிவிடும். பிரிந்துபோன தம்பதிகள் பாதிப் பேர் அந்த வாரம் முழுக்கத் தூங்கமாட்டார்கள். "டெல், இந்த வருஷம் பொண்ணு யாருக்கு?" என்று பேருந்துக் கொட்டகையில் பந்தயமே கட்டுவார்கள்.

டெல்பர்ட்டுக்குக் கம்ப்யூட்டர் என்றால் எட்டிக்காய். அதனால் அவன் கணக்கைக் கம்ப்யூட்டரில் தட்டிக் கொடுப்பது நான். சம்பளச் சீட்டு கைக்கு வந்த மறுநாளே, நான் காப்பி போடும் முன்னால் கதவைத் தட்டுவான். சில வருடம் அவன் ஜெயித்தான், சில வருடம் ரோண்டா. அவள் ஜெயித்த வருடங்களில் ஒரு வாரத்துக்கு அவன் யாரோடும் பேசமாட்டான்.

2020 ஜனவரியிலும் வந்தான். அப்போது ஷெல்பிக்கு இருபது வயது. அவள் அவன் வீட்டை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது. சலவைக்கடை மாடியில் ஒரு அறை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, ஒரு காலைச் சிற்றுண்டிக் கடையில் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"பொண்ணு வருஷத்துல பாதிக்கு மேல உன்கூட இருந்தாளான்னு கேக்குது டெல்," என்றேன்.

"அவ ரூம் அப்படியேதான் இருக்கு."

"ரூமக் கேக்கல."

"ஆமான்னு போடு."

"படிக்கிறாளா?"

"படிப்பா."

"நாளைக்குப் படிக்கப்போறத இப்பக் கேக்கல."

"ரோண்டா இந்நேரம் உக்காந்து தட்டிட்டிருப்பா. நீ கேள்வி கேட்டுட்டே இரு."

நான் இரண்டுக்கும் 'ஆம்' என்று அழுத்தினேன். அவன் விரல் இல்லை, என் விரல். ஏன் செய்தேன் என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை. பழக்கம். திரும்பி வருகிற பணம் கொஞ்சம் கூடும், வண்டிக்கு நாலு டயர் போடலாம் என்றான். அவன் சொன்னால் நான் செய்வேன், அவ்வளவுதான். கணக்கு ஏற்கப்பட்டது என்று செய்தி வந்ததும் மேசையில் ஒரு தட்டுத் தட்டி, "இந்த வருஷம் எனக்கு," என்று சிரித்தான்.

மார்ச்சில் நோய்த் தொற்றுக்காகக் கடைகளை மூடினார்கள். ஷெல்பிக்கு வேலை போனது. வேலை இழந்தவர்களுக்கான அலுவலகத்துக்கு நாள் முழுக்கப் போன் போட்டாலும் இணைப்பே கிடைக்கவில்லை. ஆளுக்கு ஆயிரத்து இருநூறு டாலர் நிவாரணம் என்று அரசாங்கம் அறிவித்தது. அவளும் மார்பில் கைவைத்து மூச்சு விட்டிருப்பாள். ஆனால் அதில் ஒரு விதி இருந்தது. யாருடைய வரிக் கணக்கிலாவது 'என் பொறுப்பில் இருப்பவர்' என்று பெயர் ஏறிவிட்ட இளவட்டத்துக்கு ஒரு சென்ட் கிடையாது. பதினேழு வயது ஆகிவிட்டால் காட்டிய பெற்றோருக்கும் அந்தப் பிள்ளைக்காக எதுவும் கிடையாது.

அவள் கைபேசியிலேயே தன் கணக்கை அனுப்பினாள். பத்தே நிமிடத்தில் திரும்பி வந்தது. உங்களை வேறொருவர் தன் பொறுப்பில் இருப்பவராகக் காட்டியிருக்கிறார் என்று போட்டிருந்தது. யார் என்று போடவில்லை. அதைச் சொல்லமாட்டார்கள்.

முதலில் அம்மாவைக் கேட்டிருக்கிறாள். நான் இல்லை என்றாள் ரோண்டா. பிறகு அப்பனிடம் வந்தாள். நானும் அங்கே இருந்தேன், சூப் கொண்டுபோயிருந்தேன்.

"அப்பா, என் பேர நீங்க போட்டீங்களா?"

டெல்பர்ட் பாத்திரத்தைக் கிளறிக்கொண்டே, "உங்கம்மாவக் கேட்டியா?" என்றான்.

"கேட்டேன். இல்லங்கறா."

"இல்லன்னுதான் சொல்லுவா," என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். நேரடியாகப் பொய் சொல்லவில்லை என்று பிறகு என்னிடம் நியாயம் வேறு பேசினான். எனக்கு மட்டும் என்ன, அன்று வாயில் கொழுக்கட்டையா இருந்தது? ஷெல்பி என் பக்கம் திரும்பி, "பாத்தியா அத்தை, பெத்த அம்மாவே இப்படிப் பண்றா," என்றபோது, "சூப் ஆறிடும், சாப்பிடு," என்றுதான் சொன்னேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

ஏப்ரல் கடைசியில் வாடகை கொடுக்க முடியாமல் அவள் இரண்டு பையோடு அப்பன் வீட்டுக்கே திரும்பினாள். டெல்பர்ட் கட்டிலுக்குப் புது விரிப்பு வாங்கிப் போட்டான். அவனுக்கு வந்த நிவாரணத்தில் அவளுக்கு இருநூறு கொடுத்தான். அவள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "எனக்குன்னு நீங்க ஒருத்தராவது இருக்கீங்களே," என்றாள். அம்மாவின் போனை எடுப்பதை நிறுத்திவிட்டாள். அவன் முகத்தை அன்று பார்த்தேன். ஜெயித்த முகம் இல்லை அது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

மே மாதம் ரோண்டா என்னைப் போனில் கூப்பிட்டாள். அவள் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள்.

"லோர்னா, தட்டுனது நீதானே?"

கையில் இருந்த காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"பதினாலு வருஷமா அவனுக்குத் தட்டிக் குடுக்கறது நீதான்னு எனக்குத் தெரியாதா? அவ தனியாப் போனதுலேந்து நான் அவ பேரப் போடவே இல்ல. நான் போட்டியிலயே இல்ல. அந்தப் பைத்தியம் தனியா ஓடிருக்கு."

"நான் ஷெல்பிகிட்ட இப்பவே சொல்லிடறேன் ரோண்டா."

"சொல்லாத. சொன்னா அந்த நிமிஷமே பையத் தூக்கிட்டுக் கிளம்பிடுவா. அப்பன் புத்தி. கிளம்பி எங்க போவா? எங்க இல்லத்துல இந்த வாரம் மட்டும் நாலு பேர் போயிட்டாங்க. என் ரெண்டாவது வீட்டுக்காரருக்கு நுரையீரல் சரியில்ல, நானே கார் ஷெட்லதான் படுத்துக்கறேன். அவள எங்க வெச்சுக்குவேன்?"

"அதுக்காக..."

"நான்தான் போட்டேன்னு நேத்து அவளுக்கு மெசேஜ் போட்டுட்டேன்."

"என்னடி சொல்ற?"

"தப்புப் பண்ணிட்டேன்னு போட்டேன். நல்லாத் திட்டி எழுதிருந்தா. திட்டட்டும். தலைக்கு மேல கூரை இருக்கில்ல, அது போதும். டெல்கிட்டயும் சொல்லாத. அவனுக்கு எதையும் மறைக்கத் தெரியாது, மூஞ்சியே காட்டிக் குடுத்துடும்."

மறைக்கத் தெரியாதாம். பதினாலு வருடமாகப் பிரிந்திருக்கிற பெண், அவனைப் பற்றி இன்னும் அவ்வளவு நல்ல எண்ணம் வைத்திருந்தாள்.

நாலு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் கணக்கைத் திருத்துகிற தாளை அச்செடுத்துக்கொண்டு, ஷெல்பி வெளியே போயிருந்த நேரம் பார்த்து அவன் சமையலறையில் போய் உட்கார்ந்தேன். நடந்ததைச் சொன்னேன். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"அவ ஏன் அப்படிச் சொன்னா?"

"உனக்கு மக வேணும்னு நீ ஓடுன. மகளுக்கு வீடு வேணும்னு அவ நினைச்சா. வெக்கமா இல்ல உனக்கு?"

"உனக்கு?" என்றான்.

"எனக்கும்தான். அதனாலதான் வந்திருக்கேன்."

தாளின் இரண்டாம் பக்கத்தில், என்ன மாற்றம், ஏன் என்று விளக்கி எழுத ஒரு கட்டம் இருக்கிறது. "நீயே எழுதிடு," என்று தாளை என் பக்கம் தள்ளினான். நான் பேனாவை அவன் கையில் திணித்தேன். கையெழுத்தைத் தவிர அவன் எதையும் எழுதி நான் பார்த்ததில்லை. விரல் இடுக்கில் கிரீஸ் கறையோடு அரைமணி நேரம் எழுதினான்.

'என் மகள் ஷெல்பி 2019இல் என்னோடு இருக்கவில்லை. படிக்கவும் இல்லை. வாடகையை அவளே கொடுத்தாள். நான் மாற்றிச் சொன்னேன். அவள் அம்மா இதைச் செய்யவில்லை.'

கடைசி வாக்கியம் வரி அலுவலகத்துக்கு எதற்கு என்று கேட்க வந்தேன். கேட்கவில்லை.

தபாலில் போட்டால் திருத்தம் ஏற மாதக்கணக்கில் ஆகும், பணம் அடுத்த வருடம்தான் கிடைக்கும் என்றேன். தலையாட்டினான். கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. நான் எழுந்தேன். "போகாத லோர்னா," என்றான்.

ஷெல்பி பால் கேனோடு உள்ளே வந்தாள். அவன் தாளை அவளிடம் நீட்டி, "எழுத்துப் பிழை இருக்கா பாரு," என்றான். வேறு விதமாகச் சொல்ல அவனால் முடியவில்லை.

அவள் நின்றபடி படித்தாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

"நான்தான் பண்ணேன்னு அம்மாவே சொன்னாளே," என்றாள்.

அவள் மெதுவாக நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, கைபேசியை மேசை நடுவில் வைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி அம்மாவைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள் ரோண்டா.

"ஷெல்பி? வெச்சுடாதடா கண்ணு, ஒரு நிமிஷம். அந்த வரி விஷயம் அம்மா மேலதான் தப்பு. யோசிக்காமப் பண்ணிட்டேன். சம்பளம் வந்ததும் முடிஞ்சத அனுப்பறேன், உங்கப்பாகிட்ட கோச்சுக்காம அங்கயே இரு, என்ன?"

ஷெல்பி கைபேசியைப் பார்க்கவில்லை. அப்பனையே பார்த்தாள்.

"ரோண்டா," என்றான் டெல்பர்ட். "நான்தான்னு அவளுக்குத் தெரிஞ்சிடுச்சு."

ரோண்டா கேட்டாள்: "அவ அங்க இருக்காளா, கிளம்பிட்டாளா?"

"இருக்கேம்மா," என்றாள் ஷெல்பி. கைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே போனாள். அவள் அழுகிற சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டது. நானும் என் தம்பியும் அந்தத் தாளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். வெளியே போய் அவளை நிமிர்ந்து பார்க்க எங்கள் இருவருக்கும் முகமில்லை.