தண்ணீருக்கு ஒரு கடிகாரம்

இரண்டு கைகளிலும் கடிகாரம் கட்டிக்கொள்ளும் ஒரே ஆள், ஸ்பெயினின் மலைக்கிராமமான அல்மொராயாவில், லீவாதான். அங்கே வாழ்ந்த பத்தொன்பது வருடமும் அப்படித்தான் இருந்தாள். இடது கையில் இருந்தது அரசாங்கத்தின் மணி. பஸ்ஸுக்கும் டாக்டருக்கும் ரொட்டி வண்டிக்கும் அது. வலது கையில் இருந்தது தண்ணீரின் மணி. குளிர்காலம் முழுக்க இரண்டும் ஒன்றையே காட்டும். மார்ச் மாதக் கடைசி ஞாயிறு வந்துவிட்டால், இடது கைக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பாள். வலது கையைத் தொடமாட்டாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேண்டுமென்றே வழிமறித்து, "லீவா, மணி என்ன?" என்பார்கள்.

"எதுக்குக் கேக்குற? பஸ்ஸுக்கா, தண்ணிக்கா?" என்பாள். ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை.

அந்த இரண்டாவது கடிகாரம் எப்படி வந்தது என்பது ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரியாத பாதி ஒன்று உண்டு. அது பக்கத்து நிலத்துக்காரி அங்குஸ்தியாஸுக்கு மட்டும் தெரியும்.

லீவாவின் முழுப்பெயர் கொடெலீவே. ஊரார் நாக்கு அந்தப் பெயரில் பாதியிலேயே வழுக்கி, மீதிதான் நின்றது. பெல்ஜியத்தில் கென்ட் நகரத்து டிராம் வண்டிகளுக்கு நேர அட்டவணை போடும் வேலையில் முப்பத்தொரு வருடம் இருந்தவள். வாழ்நாளெல்லாம் வாடகை மாடிவீடு. ஜன்னலில் ஒரு தொட்டிச் செடி, அதுவும் வீட்டுக்காரருக்குத் தெரியாமல். ஓய்வு பெற்ற வருடம் தெற்கே சுற்றிப்பார்க்க வந்தவள், சரிவில் பூட்டிக் கிடந்த வீட்டையும் அதை ஒட்டிய அடுக்கு வயலையும் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டாள். அப்போது வயது ஐம்பத்தெட்டு.

அந்த வயல்மேல் அங்குஸ்தியாஸுக்குப் பத்து வருடமாகக் கண். அவள் வயலோடு வரப்பு ஒட்டிக் கிடந்தது. வயலுக்குச் சொந்தக்காரரான கிழவர் இறந்தபிறகு, பார்சலோனாவில் பிழைக்கும் அவருடைய மூன்று பிள்ளைகளிடமும் கேட்டுப் பார்த்தாள். சந்தையில் தக்காளியும் அவரைக்காயும் விற்றுச் சேர்த்ததையெல்லாம் விலையாகச் சொன்னாள். பெல்ஜியக்காரி சொன்ன தொகை அதைப்போல மூன்று மடங்கு. பிறகென்ன பேச்சு?

பத்திரம் எழுதும் நாளில் ஊர் நீர்க்கட்டி எலாடியோவும் நோட்டரி அலுவலகத்துக்குப் போயிருந்தார். வாய்க்கால் தண்ணீர் எந்த நேரத்தில் யாருக்கு என்ற முறையெல்லாம் அவர் பொறுப்பு. திரும்பி வந்து அங்குஸ்தியாஸிடம் சொன்னார்: "உம்பேரும் அந்தப் பத்திரத்துல இருக்கும்மா. கிழக்கே அங்குஸ்தியாஸ் நிலம்னு வாசிச்சாங்க."

"நிலம் அவளுக்கு, பேரு எனக்கா? நல்லாப் பங்கு பிரிச்சீங்க."

"வியாழக்கிழமை காலையில ஆறு மணியிலேருந்து ஒரு மணி நேரம் தண்ணின்னு வாசிச்சப்போ, மொழிபெயர்க்கிற பொண்ணை ரெண்டு தடவை சொல்லச் சொன்னா. ஆறுன்னு எழுதி அடியில கோடு போட்டுக்கிட்டா. கெட்டிக்காரி."

"ரெண்டு குளிர் தாங்கமாட்டா, பாருங்க," என்றாள் அங்குஸ்தியாஸ். அப்படிச் சொல்ல அவளிடம் சான்றும் இருந்தது. மேலத்தெருவில் வீடு வாங்கிய நார்வேக்காரர் ஆசையாகக் கழுதை வாங்கினார். கழுதை கத்துவது தாங்காமல் வீட்டையே விற்றுவிட்டுப் போனார். லீவாவும் அப்படி விற்கும்போது வயல் தனக்கு வரட்டும் என்று அங்குஸ்தியாஸ் காத்திருந்தாள்.

ஜனவரியில் லீவா குடிவந்தாள். வியாழக்கிழமை நாலிலிருந்து ஆறுவரை தண்ணீர் அங்குஸ்தியாஸுக்கு. ஆறிலிருந்து ஏழுவரை லீவாவுக்கு. ஏழுக்குமேல் கீழே எலாடியோவுக்கு. ஆறு அடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது ரப்பர் பூட்ஸும் கைவிளக்குமாக லீவா மடையருகே நிற்பாள்.

"நீ கோழியா, மனுஷியா? சேவலே இன்னும் எழுந்திருக்கல," என்பாள் அங்குஸ்தியாஸ், தன் மடைப்பலகையை இறக்கியபடி.

லீவாவுக்கு அப்போது மொழி பாதிகூட வரவில்லை. "ஆறு," என்று கடிகாரத்தைக் காட்டிச் சிரிப்பாள்.

மார்ச் முடிந்தது. நாடு முழுக்கக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே போயின. அடுத்த வியாழக்கிழமை அங்குஸ்தியாஸ் கீழடுக்கில் அவரைப் பாத்திக்கு நடுவே மண்வெட்டியோடு நின்றிருந்தாள். அவரை பூத்திருந்தது, இரண்டு மணி நேரத் தண்ணீரும் போய்ச் சேர்ந்தால்தான் பூ காயாகும். பாதியில் ஓட்டம் மெலிந்து, நூலாகி, நின்றது. இலை அடைத்திருக்கும் என்று மேலே ஏறி வந்தாள். அவள் மடை மூடியிருந்தது. லீவாவின் மடை திறந்திருந்தது. அங்குஸ்தியாஸ் கைக்கடிகாரத்தில் மணி ஐந்து. ஊரில் யாரும் தண்ணீருக்குக் கடிகாரத்தை மாற்றுவதில்லை. பழைய மணிதான், எப்போதும்.

கத்தியிருக்கலாம். லீவா புதிதாக நட்ட எலுமிச்சங்கன்றுகளுக்கு நடுவே அவள் கைவிளக்கு இருபதடி தூரத்தில்தான் ஆடிக்கொண்டிருந்தது. அங்குஸ்தியாஸ் சுவரோரம் கல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரம் கழித்து, பழைய மணி ஆறுக்கு, லீவா ஏறி வந்து, தன் மடையை ஒழுங்காக அடைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். தண்ணீர் யாருக்கும் இல்லாமல் ஓடைக்கு ஓடியது.

அந்த நிமிடமே அங்குஸ்தியாஸுக்கு விளங்கிவிட்டது. திருட வந்தவள், தனக்கு உரிய ஒரு மணி நேரத்தை ஓடைக்கு விட்டுவிட்டுப் போவாளா? அப்போது ஓடிய தண்ணீரை அங்குஸ்தியாஸ் தொடவில்லை. அது லீவாவின் மணி நேரம். தொட்டால் தானும் திருடி. ஆனால் வாயையும் திறக்கவில்லை. ஊர்க்கட்டுப்பாடு ஒன்று உண்டு: முறை தவறித் தண்ணீர் எடுத்தவர்களுக்கு அந்த வருடம் முறை கிடையாது, தண்ணீரை இழந்தவருக்கு அந்த முறை போய்ச் சேரும். கோடை முழுக்க வாரம் ஒரு மணி நேரம் கூடுதல் தண்ணீர். கன்றுகள் காய்ந்தால் பெல்ஜியக்காரி விற்றுவிட்டுப் போவாள். வரப்பை வெட்டிவிட்டால் வயல் ஒன்றாகிவிடும். கல்லில் உட்கார்ந்திருந்தபோது இவ்வளவும் மனதில் ஓடி முடிந்தது.

மூன்று வியாழக்கிழமை அப்படியே விட்டாள். அவரைப்பூ கொட்டியது. நாலாவது வியாழக்கிழமை எலாடியோவைக் கூட்டிக்கொண்டு வந்து சுவருக்குப் பின்னால் நின்றாள். லீவா தன் கடிகாரப்படி சரியான நேரத்துக்கு வந்து பலகையில் கைவைத்தாள்.

"கையை எடும்மா," என்றார் எலாடியோ, வெளியே வந்து.

லீவா திடுக்கிட்டாள், பிறகு பழக்கப்படி கடிகாரத்தைக் காட்டினாள். "ஆறு."

"யாரோட ஆறு?"

"எல்லாரோட... ரேடியோ சொல்லிச்சு. அரசாங்கம்."

"அரசாங்கம் மணியை மாத்தும். தண்ணியை மாத்துமா? மலைமேல இருக்குற பனிக்கு மாட்ரிட்லேருந்து தாக்கீது போச்சா, ஒரு மணி நேரம் முன்னாடியே உருகிடுன்னு?"

அவளுக்கு அது புரிய நேரமாயிற்று. புரிந்ததும் கைவிளக்கைத் தரையில் வைத்துவிட்டுச் சுவரில் உட்கார்ந்தாள். மார்ச்சிலும் அக்டோபரிலும் கடிகாரம் மாறும் இரவுகளில் ஒரு நகரத்து டிராம்களையெல்லாம் ஒரு நிமிடம் பிசகாமல் ஓடவைத்தவள். "முப்பத்தொரு வருஷம்," என்றாள். அங்குஸ்தியாஸ் காய்ந்த பாத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு மாதா கோயில் முன்னாடி கூட்டம். அங்க பேசிக்கலாம்," என்றார் எலாடியோ.

வெள்ளிக்கிழமை மதியம் அங்குஸ்தியாஸ் பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோது வாசலில் லீவா நின்றாள். பஸ் ஏறிச் சந்தைக்குப் போய் வந்திருந்தாள். கையில் ஒரு மலிவான புதுக் கடிகாரம்.

"இதுல தண்ணி மணி வச்சுக் குடு," என்றாள்.

"ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் உனக்குத் தண்ணியே இருக்காது. கடிகாரம் எதுக்கு?"

"தெரியும். எலாடியோ சொன்னார்."

"அப்ப எலுமிச்சங்கன்னு?"

"வாளியில ஊத்துவேன்."

"கோடை முழுக்கவா? கை கழண்டுடும். பேசாம வித்துட்டுப் போயேன். நல்ல விலை வரும்."

லீவா சொற்களைத் தேடினாள். "மத்தவங்க போறதுக்கு நேரம் எழுதினேன். நிறைய வருஷம். இப்ப நான் வந்துட்டேன். இனிமே போறதில்ல."

அங்குஸ்தியாஸ் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு கடிகாரத்தை வாங்கினாள். தன் கடிகாரத்தைப் பார்த்து முள்ளைத் திருகினாள். விரலில் பூண்டு வாடை. கண்ணாடியில் ரேகை பதிந்தது. திருகும்போது அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. வாளியில் தண்ணீர் ஊற்றி வளர்க்கத் துணிந்தவளிடமிருந்து நிலத்தை வாங்க முடியுமா? நிலம் ஒருத்திக்கு எப்போதுதான் சொந்தமாகிறது? நோட்டரி வாசித்த நாளிலா, இல்லை இப்படியொரு பதில் சொல்லும் நாளிலா? கடிகாரத்தை நீட்டினாள். லீவா அதை வலது கையில் கட்டிக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் படியில் முப்பது பேர் கூடியிருந்தார்கள். எலாடியோ நோட்டைத் திறந்தார். "அங்குஸ்தியாஸ், தண்ணி போனது உனக்கு. நீதான் சொல்லணும். திருட்டா, தெரியாம நடந்த தப்பா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். லீவா மட்டும் தன் இரண்டு மணிக்கட்டுகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திருட்டெல்லாம் இல்ல," என்றாள் அங்குஸ்தியாஸ். "பாவம், அவளுக்குக் கடிகாரம் பாக்கத் தெரியல."

படி அதிரச் சிரித்தார்கள். பக்கத்திலிருந்தவர் மெல்லச் சொல்லி விளக்க, லீவாவின் முகம் காதுவரை சிவந்தது. பிறகு அவளும் சிரித்தாள். எல்லோரும் நிறுத்தியபிறகும் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் முறை அவளிடமே நின்றது. எலாடியோ நோட்டில் எழுதினார்: லீவா அங்குஸ்தியாஸுக்குத் தரவேண்டியது, தண்ணீர், மூன்று மணி நேரம். தண்ணீருக்குத் தண்ணீர்தான் ஈடு. காசு வாங்கினால் வாய்க்கால் வற்றும் என்பது ஊர் நம்பிக்கை.

அடுத்த வியாழக்கிழமையே லீவா தன் மடையை அடைத்துவைத்துக்கொண்டு நின்றாள். "எடுத்துக்க."

"என்ன அவசரம்? கேக்குறப்போ குடு."

"கடன் எனக்குப் பிடிக்காது."

"எனக்குப் பிடிக்கும். கடன் இருக்குறவ ஊரை விட்டு ஓடமாட்டா."

லீவா ஓடவில்லை. எலுமிச்சை காய்த்தது. மழைநாளில் அங்குஸ்தியாஸ் பூண்டும் எண்ணெயும் போட்டு ரொட்டித்தூள் வறுத்தால் ஒரு தட்டு வரப்பைத் தாண்டிப் போகும். தட்டு எலுமிச்சையோடு திரும்பி வரும். ஊர் டீக்கடை மாதிரி இருந்த ஒரே மதுக்கடைச் சுவரில் லீவா பஸ் அட்டவணை எழுதி ஒட்டினாள். "இதுல இருக்குறது பஸ் வரவேண்டிய நேரம். வர்ற நேரம் டிரைவருக்குத்தான் தெரியும்," என்றார் எலாடியோ. லீவா சளைக்காமல் பென்சிலை எடுத்துக்கொண்டு, வந்த நேரத்தைப் பக்கத்திலேயே குறிக்க ஆரம்பித்தாள். இரண்டு மாதத்தில் அந்தப் பென்சில் கணக்கை நம்பித்தான் ஊரே பஸ்ஸுக்குக் கிளம்பியது.

மழையே பெய்யாத ஒரு வருடம் அங்குஸ்தியாஸ் முதல் மணி நேரத்தைக் கேட்டு வாங்கினாள். கல்சுவர் சரிந்து, மறுபடி விதைத்த வருடம் இரண்டாவதை வாங்கினாள். மூன்றாவதை வாங்கவே இல்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் லீவா கேட்பாள்: "இந்த வருஷம்?"

"இருக்கட்டும்."

ஓர் அக்டோபர் மதியம் இருவரும் முற்றத்தில் பாதாம் உடைத்துக்கொண்டிருந்தார்கள். அங்குஸ்தியாஸ் சுத்தியலைக் கீழே வைத்தாள். "லீவா, அந்த மொத வியாழக்கிழமை நான் கல்லுமேல..." என்று ஆரம்பித்தாள்.

லீவா தலையை நிமிர்த்தவில்லை. "மூணாவது மணி நேரத்தை ஏன் வாங்கமாட்டேங்குறன்னு நான் உன்னை என்னிக்காவது கேட்டேனா?" என்றாள். "உடை. மழை வருது."

அதற்குமேல் அந்தப் பேச்சு வரவேயில்லை. முப்பத்தொரு வருடம் அட்டவணை போட்டவளுக்கு, எந்த நேரத்தில் யார் எங்கே இருந்திருப்பார்கள் என்று கணக்குப் போட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

போன பிப்ரவரியில், வெயில் நன்றாக விழுந்த ஒரு காலையில், எலுமிச்சை மரத்தடி நாற்காலியிலேயே லீவா போய்விட்டாள். எழுபத்தேழு வயது. ஏப்ரலில் கென்டிலிருந்து தங்கை மகள் வந்தாள். வீட்டை விற்கப் போவதாகச் சொன்னாள். சாமான்களை ஒதுக்கும்போது ஒரு கடிகாரத்தை எடுத்துக் காட்டினாள். "இது ஒரு மணி நேரம் பின்னால ஓடுது."

"பின்னால எல்லாம் இல்லம்மா. அதுதான் சரி," என்றாள் அங்குஸ்தியாஸ்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எலாடியோ பழைய நோட்டைப் புரட்டினார். "லீவா பேர்ல ஒரு மணி நேரம் பாக்கி நிக்குது. அடிச்சிடவா?"

"தொடாதீங்க."

"செத்தவகிட்ட எப்படி வாங்குவ?"

"நிலம் எங்கயும் போகலையே. வாங்குறவங்க வரட்டும். நானே சொல்லிக்கிறேன்."

"பத்திரத்துல அதெல்லாம் இருக்காதும்மா."

"ஆறு மணின்னா எந்தக் கடிகாரம்னுகூடத்தான் அதுல இல்ல," என்றாள் அங்குஸ்தியாஸ்.

இன்னும் யாரும் வாங்கவில்லை. வியாழக்கிழமைகளில், பழைய மணி ஆறுக்கு, அங்குஸ்தியாஸ் தன் மடையை அடைத்துவிட்டு லீவாவின் மடையைத் திறந்துவிடுகிறாள். ஏழுவரை எலுமிச்சைக்குப் பாய்கிறது. எலாடியோவின் நோட்டில் அந்த ஒரு மணி நேரம் அப்படியே நிற்கிறது.